வீட்டைச் சித்திரையில் பார்க்காதீங்க, கார்த்திகையில் பாருங்க!

பெரியப்பா மகன் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். 9 வருடச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் நம்பி, அந்தப் பக்கமே ஒரு மனை தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ராத்திரி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். அமெரிக்காவில் ஒரு டொர்னாடோ, வீட்டுக் கூரையை அப்படியே பிய்த்துக்கொண்டு போகிறது. கீழே ஒரு கேள்வி: "நம்ம ஊர்ல இப்படி வருமா? நீதானே நியூஸ்ல இருக்க, விசாரிச்சுச் சொல்லு."

விசாரித்தேன். அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 1,200 டொர்னாடோக்கள் வருகின்றன. இந்தியாவுக்கும் இது புதிதல்ல. 2024 மார்ச் 31-ல் மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரியைச் சில நிமிடங்களில் புரட்டிப்போட்டது. 1989 ஏப்ரல் 26-ல் பங்களாதேஷில் வந்த ஒன்று, சுமார் 1,300 உயிர்களைப் பலிகொண்டது. ஆனால், அந்த ஆபத்து பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளில், கோடை தொடங்கும் நேரத்தில்தான். தமிழ்நாட்டில் அது மிக மிக அபூர்வம். அதை நினைத்து ஊரை மாற்ற வேண்டியதில்லை.

"அப்போ பயமில்லை?" என்றார் அண்ணன்.

"பயம் இருக்கு அண்ணே. ஆனா, அது வேற பயம்" என்றேன்.

முதலில் புயல் காற்று. ஒரகடம் கடலிலிருந்து சுமார் 30 கி.மீ தள்ளி இருக்கிறது. 'இவ்வளவு தூரம் புயல் வராது' என்று புரோக்கர்கள் சொல்வார்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் மணிக்கு 100 கி.மீ-க்கு மேற்பட்ட காற்றோடு சென்னையில் கரையைக் கடந்து, அப்படியே மேற்கே உள்நாட்டுக்குள்தான் நகர்ந்தது. இந்தப் பக்கம் மொட்டைமாடியில் தகர ஷீட் போட்ட அறைகளில் வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள் ஏராளம். வாடகை குறைவுதான். ஆனால், புயல் அன்று முதலில் பறப்பது அந்த ஷீட்தான். புயலுக்கு ஒரு நல்ல குணம், சில நாள்களுக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிடும். அப்போது கீழே கான்கிரீட் தளம் உள்ள வீட்டில் தங்க இடம் உண்டா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்' என்றே பெயர். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் தண்ணீர் கடைசியில் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. நடுவில் கால்வாயை அடைத்து மனை போட்டால், தண்ணீர் வீட்டுக்குள் வழி தேடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. வெள்ளத்தில் மிதந்ததோ இங்கே முடிச்சூரும் வரதராஜபுரமும்! 2015-லும் அதே பகுதிகள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனோடு போனேன். மனை அழகாக இருந்தது. கம்பெனிக்குப் பத்தே நிமிடம். வெயிலில் மண் வெடித்துக் கிடந்தது. "பாருங்க சார், எவ்ளோ காய்ஞ்ச பூமி" என்றார் புரோக்கர். அவர் போன் பேச ஒதுங்கிய நேரத்தில், எதிரே டீக்கடை அம்மாவிடம், "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சும்மா?" என்று கேட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. சுவரில் இடுப்பு உயரத்தில் இருந்த கறையைக் காட்டினார்.

நீங்களும் இடம் தேடுகிறீர்களா? இவற்றைச் செய்யுங்கள்.

* அரசின் இ-சேவைத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து அ-பதிவேட்டைப் பாருங்கள். நீர்நிலை, கால்வாய்ப் புறம்போக்கு என்றிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். நஞ்சை என்றிருந்தால், எந்த ஏரியின் பாசனம், அதன் கலங்கல் எந்தப் பக்கம் என்று விசாரியுங்கள்.

* கூகுள் எர்த்தில் அந்த இடத்தின் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள். 10 வருடத்துக்கு முன் அங்கே பச்சையா, தண்ணீரா, மண்ணா என்று தெரியும்.

* மனை, தெருவைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று கவனியுங்கள். தெருவுக்குப் புதிதாகச் சாலை போடப்போட, வீடு இன்னும் பள்ளமாகும்.

* ஊர்ப் பெயரில் 'தாங்கல்' இருந்தால் கூடுதல் கவனம். தாங்கல் என்றால் சிறிய ஏரி.

* முடிந்தால் பெருமழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். அன்று எந்தப் புரோக்கராலும் எதையும் மறைக்க முடியாது.

அண்ணன் அந்த மனையை விட்டுவிட்டார். இப்போது பார்த்திருக்கும் மேட்டு நிலம், கம்பெனியிலிருந்து 9 கி.மீ. சதுர அடிக்கு விலையும் கொஞ்சம் கூடுதல். அண்ணிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு அவ்ளோ தூரம் வண்டி ஓட்டணுமே" என்கிறார். நியாயம்தான். ஆபத்தே இல்லாத ஊர் எதுவும் இல்லை. எந்த ஆபத்தோடு வாழப்போகிறோம் என்று தெரிந்து முடிவெடுக்கலாம், அவ்வளவுதான்.

இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. "கார்த்திகை மழை வரட்டும், ஒருவாட்டி போய்ப் பார்த்துட்டுக் கொடுக்கலாம்" என்கிறார் அண்ணன். குடையோடு நானும் போவேன்.