டாங்கிள் கட்டும் வேடம்

லினக்ஸ் கணினியில் சிம் போட்ட யூஎஸ்பி டாங்கிளைச் செருகியும் இணையம் வரவில்லை என்றால், பழி நேராக லினக்ஸின் தலையில்தான் விழுகிறது. செருகிய யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையைத் தட்டிப் பார்த்தால் கதை வேறு. ஹுவாவே டாங்கிள்கள் பல, செருகியதும் மோடமாக வருவதே இல்லை. 12டி1:1446 போன்ற எண்ணோடு, விண்டோஸ் மென்பொருள் அடங்கிய சிடி டிரைவாக வேடம் கட்டி நிற்கின்றன. மோடமாக மாறச் சொல்லும் கட்டளை போனால்தான் வேடம் கலையும், எண் மாறும், டிடிஒய்யூஎஸ்பி0 என்ற மோடம் போர்ட் முளைக்கும். இதைச் செய்யும் ‘யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ நிரல் ஆர்வலர்களின் உழைப்பு. டாங்கிள் விற்றவர்கள் தந்ததல்ல.

வாங்குபவர்களில் பெரும்பாலோர் விண்டோஸ்காரர்கள், அவர்களுக்குத் தனியாக சிடி தேடும் வேலை மிச்சம்தானே என்று கேட்கலாம். மிச்சம்தான். அதற்காக மாடலுக்கு ஒரு மாற்றுக் கட்டளை வைத்து, அதை வெளியில் சொல்லாமலும் இருக்க வேண்டுமா? யூஎஸ்பி மோடங்களுக்கு எம்பிஐஎம் என்ற பொதுத் தரம் 2011-லேயே வந்துவிட்டது. 2013-இல் வெளியான லினக்ஸ் 3.8 அதை ஏற்றுக்கொண்டது. அதைப் பின்பற்றும் மோடத்துக்கு நிறுவனத்தின் தனி டிரைவர் தேவையில்லை. நெட்வொர்க் மேனேஜரில் சிம் நிறுவனத்தின் ஏபிஎன் பெயரைச் சரியாகக் கொடுத்தால் போதும். பெட்டியின் மேல் விண்டோஸ், மேக் என்று அச்சிடுகிற நிறுவனங்கள் அந்த மாற்றுக் கட்டளையையும் ஒரு வரியில் அச்சிடட்டும். மை ஒன்றும் தீர்ந்துவிடாது.