சங்கமும் பொதுசனத் தொடர்பும்

நமது பழைய மாணவர் சங்கத்தின் செயற்குழு, விழா ஆண்டை முன்னிட்டு முகநூலில் ஒரு பக்கம் திறப்பதெனத் தீர்மானித்த வேளையில், மூத்த அங்கத்தவர் ஒருவர் எழுந்து, "நாங்கள் கல்லூரிக்குச் சங்கம் நடத்துகிறோமா, சவர்க்காரம் விற்கிறோமா?" என வினவினார். சபையிற் சிரிப்பு எழுந்தது, தீர்மானமும் நிறைவேறியது. தமிழாசிரியராயிருப்பவர் பிழையின்றி எழுதுவார் என்ற ஒரே காரணத்தால் அப்பக்கத்தைக் கவனிக்கும் பொறுப்பு அடியேனிடம் வந்து சேர்ந்தது. பெரியவரின் வினாவுக்கு அன்று எவரும் விடை கூறவில்லை. சிரித்துவிட்டு விடத்தக்க வினா அன்று அது. ஆதலின், ஈண்டு அதனை ஆராயத் துணிந்தேன்.

பொதுசனத் தொடர்பு என்னும் தொடர் நமக்குப் புதிது; பொருள் புதிதன்று. 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். பின்னர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து நூல்களையும் துண்டுப்பிரசுரங்களையும் வெளியிட்டார். 1888இல் தோன்றிய சைவ பரிபாலன சபை, அடுத்த ஆண்டிலேயே 'இந்து சாதனம்' என்னும் பத்திரிகையைத் தொடங்கிவிட்டது. தம் கருத்தைத் தாமே ஊரறியச் சொல்லாதவிடத்துப் பிறர் சொல்வதே நிலைபெறும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆகவே பெரியவரின் வினாவோடு நான் பாதியளவே உடன்படுகின்றேன். ஒரு சங்கம் பேசத்தான் வேண்டும். எதை, எவ்வாறு, எவரை முன்னிறுத்திப் பேசுவது என்பதிலேதான் சவர்க்கார வியாபாரம் புகுந்துவிடுகின்றது.

இதனை ஒரு தனித் தொழிலாக வளர்த்தவர்கள் அமெரிக்கர். அவர்களுள் ஐவி லீ என்னும் பத்திரிகையாளரின் வரலாறு நமக்குப் பெரிதும் பயன்படுவது. 1906இல் அவர் பத்திரிகைகளுக்குத் தமது கொள்கையை எழுதி அனுப்பினார். தம் பணி மறைவானதன்று, செய்தியை விரைவாகவும் செம்மையாகவும் வழங்குவதே என்பது அதன் சாரம். அவ்வாண்டு ஒக்டோபரில் பென்சில்வேனியாப் புகையிரதக் கம்பெனியின் வண்டியொன்று அத்திலாந்திக் நகருக்கருகே பாலத்தினின்றும் நீரில் வீழ்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விபத்துக்களை மூடி மறைப்பதே கம்பெனிகளின் வழக்கமாயிருந்த அக்காலத்தில், லீ நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குத் தாமே அனுப்பினார். நிருபர்களையும் நேரிற் சென்று பார்க்க அழைத்தார்.

இம்மட்டில் நின்றிருந்தால் லீயைக் குருவெனக் கொள்ளலாம். 1914இல் கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தாக்குண்டு தீக்கிரையாகிப் பெண்களும் குழந்தைகளும் இறந்தனர். அதன்பின் சுரங்க உரிமையாளராகிய ரொக்பெல்லர் குடும்பத்துக்காக எழுத அமர்ந்தவரும் இதே லீ. அவர் வெளியிட்ட பிரசுரங்களில் தொழிற்சங்கத் தலைவர்களைப் பற்றிய பொய்த் தகவல்கள் இருந்தமை பின்னர் விசாரணையில் வெளிப்பட்டது. எட்டே ஆண்டுகளில் அதே கை, அதே எழுதுகோல்! எழுதும் திறமை ஒருவனை உண்மையின் பக்கத்தில் நிறுத்திவைக்காது என்பதற்குத் தமிழாசிரியர்களாகிய நாம் வேறு சான்று தேட வேண்டியதில்லை.

துன்பம் வந்துற்ற காலத்தே நிறுவனம் ஒன்று நடந்துகொள்ளும் முறைக்கு, இத்துறையினர் இன்றும் எடுத்துக்காட்டுவது 1982இல் சிக்காகோப் பகுதியில் நிகழ்ந்ததை. யாரோ ஒருவர் ரைலினோல் மருந்துக் குளிசைகளில் சயனைட்டு நஞ்சைக் கலந்தமையால் எழுவர் மாண்டனர். மருந்தை உற்பத்தி செய்த ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பெனி, நஞ்சு தொழிற்சாலையிற் கலக்கப்படவில்லை என்று வழக்காடிக்கொண்டிராமல், நாடெங்கும் கடைகளிலிருந்த ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் போத்தல்களையும் திருப்பி எடுத்தது. பத்துக் கோடி டொலருக்கு மேற் செலவாயிற்று. திறந்தால் வெளியே தெரியும் புதிய பொதியோடு மருந்து மீண்டும் கடைக்கு வந்தபோது மக்கள் அதனை வாங்கினர். அவர்கள் கேட்டது விளம்பர வாசகத்தை அன்று. போத்தல்கள் அகன்ற வெற்றுத் தட்டுக்களைக் கண்டனர்.

நிற்க. அக்காலத்தில் ஒரு கம்பெனி பேசும், பத்திரிகை அச்சிடும், மக்கள் வாசிப்பர். முகநூல் 2004இலும், யூரியூப் 2005இலும், டுவிற்றர் 2006இலும் தோன்றியபின் (டுவிற்றர் 2023இலிருந்து எக்ஸ் என வழங்குகின்றது) வாசித்தவன் திரும்பிப் பேசத் தொடங்கிவிட்டான். டேவ் கரோல் என்னும் கனேடியப் பாடகரின் கித்தார் 2008இல் யுனைற்றெட் விமானப் பயணத்தின்போது உடைந்தது. ஏறத்தாழ ஒன்பது மாதம் நட்டஈடு கேட்டலைந்து வெறுத்த அவர், 2009 யூலையில் அதனையே பாட்டாக்கி யூரியூபில் இட்டார். உலகமே அதனைக் கேட்டது. அக்கம்பெனி பாடம் கற்றிருக்கும் என எண்ணுவோம். 2017 ஏப்பிரிலில் சிக்காகோவில் அதன் விமானத்தினுள்ளிருந்து ஒரு பயணி இழுத்துச் செல்லப்பட்ட காட்சியைச் சகபயணிகள் கைத்தொலைபேசியிற் பதிந்து பரப்பினர். கம்பெனித் தலைவரின் முதல் அறிக்கையோ, அச்செயலைப் பயணிகளுக்கு மாற்று ஒழுங்கு செய்ததாக வருணித்தது. அடிபட்ட மனிதனின் முகத்தை ஊர் பார்த்துக்கொண்டிருக்கையில், அலுவலக மொழியாற் போர்வை போர்த்தினால் யார் பொறுப்பர்? ஓரிரு நாளில் வேறொரு மொழியில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இதற்கு மாறாக, 2018இல் பிரித்தானியாவில் கே.எப்.சி. கடைகளுக்குக் கோழியிறைச்சி வந்து சேராமற் பெரும்பாலான கடைகள் பூட்டப்பட்டன. கோழிக் கடையில் கோழியில்லை! கம்பெனி தன் பெயரிலுள்ள மூன்று ஆங்கில எழுத்துக்களையும் இடம் மாற்றித் தன்னையே ஏசிக்கொண்டு பத்திரிகையில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட்டது. அவ்வாறு பிறந்த சொல்லை ஆசிரியன் ஒருவன் கல்லூரி மலரில் எழுத இயலாது. எனினும், தவற்றை ஒளிக்காமல் வந்த அந்த விளம்பரத்தை மக்கள் நகைத்து ஏற்றனர்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2018 பெப்ருவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்து உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென வதந்தி பரவிற்று. உணவில் இருந்தது மாக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் கண்டறிந்தார். அதற்கிடையில் கடைகளும் பள்ளிவாசலும் தாக்குண்டுவிட்டன. மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்செயல் மூண்டது. அரசாங்கம் சமூக வலைத்தளங்களைச் சில நாட்களுக்கு முடக்கியது. அவ்வன்செயலில் தன் தளம் ஆற்றிய பங்குக்காக முகநூற் கம்பெனி வருத்தம் தெரிவித்தது 2020இலே. பொய் ஓடிய வேகத்தையும் மன்னிப்பு வந்த வேகத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க. உண்மையை அறிந்திருக்கும் ஒரு வைத்தியசாலையோ பாடசாலையோ சபையோ, வதந்தி எழுந்த அன்றே வாய்திறக்காதிருப்பது நடுநிலைமையாகாது. இடைவெளியை நிரப்ப வேறு சிலர் எப்போதும் ஆயத்தமாயிருக்கின்றனர்.

ஆயினும் நம்மவரிடையே பெருகியுள்ள பிணி மௌனம் அன்று, தற்புகழ்ச்சியே. இத்தளங்களின் பொறியமைப்பை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். ஒரு சங்கம் இடுவதெல்லாம் அதனைப் பின்தொடர்வோர் யாவருக்கும் காட்டப்படுவதில்லை. எதற்கு விருப்பக் குறியும் பின்னூட்டமும் பகிர்வும் மிகுதியாகக் கிடைக்குமோ அதனையே பொறி மேலே தூக்கிவைக்கின்றது. எஞ்சியதைக் காட்டப் பணம் கேட்கின்றது. கணக்கறிக்கைக்கு எவர் விருப்பக் குறி இடுவர்? அழுகின்ற முகத்துக்கு இடுவர். அதிலும் பிள்ளையின் முகமாயின் ஆயிரக்கணக்கில் இடுவர். செயற்குழுக்கள் இதனை விரைவிற் கற்றுக்கொள்கின்றன.

நானும் கற்றுக்கொண்டேன். நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில், வெளிநாட்டு அன்பர்கள் அனுப்பிய பணத்திலே பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் துவிச்சக்கர வண்டிகள் வழங்கினோம். தூரத்திலிருந்து நடந்துவரும் ஒரு பெண்பிள்ளையை முன்னே நிறுத்தி, வண்டியின் கைபிடியிற் பிரமுகர்கள் மாறி மாறிக் கைவைக்க, ஆறு முறை படமெடுத்தனர். தந்தையை இழந்த வறிய மாணவி என்று தொடங்கும் வாசகத்தோடு அப்படம் முகநூலில் ஏறிற்று. அவ்வாசகத்தை எழுதியவன் நானே. அதில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை என்று மகிழ்ந்ததும் நினைவிருக்கின்றது. அடுத்த வாரம் அப்பிள்ளை பழையபடி நடந்தே வந்தாள். "வண்டி எங்கை பிள்ளை?" என்று கேட்டேன். "வீட்டில நிக்குது சேர். அதில வந்தால் படத்தில வந்த பிள்ளை எண்டு எல்லாரும் சொல்லினம்" என்றாள். படத்தை அகற்றும்படி பொறுப்பானவர்களைக் கேட்டபோது, பணம் தந்தவர்களுக்கு அத்தாட்சி வேண்டுமே என்றனர். சில நாட்களின்பின் அகற்றினர். அதற்குள் வேறு எத்தனை பக்கங்களில் அது பகிரப்பட்டது என்பதை எவரும் அறியார்.

அத்தாட்சி வேண்டும் என்பது நியாயமே. வண்டி வாங்கிய பற்றுச்சீட்டு அத்தாட்சி. அதிபரின் கையொப்பமிட்ட கடிதம் அத்தாட்சி. படமே வேண்டுமாயின் வேலியோரத்தில் வரிசையாக நிறுத்திய பன்னிரண்டு வண்டிகளைப் படமெடுக்கலாம், வண்டிகள் வெட்கப்படமாட்டா. நமது சங்கத்தின் பக்கத்தில் உதவிபெறும் மாணவர் எவருடைய முகமும் இடம்பெறாது என்று நான் பொறுப்பேற்ற அன்றே கூறினேன். சிலருக்கு மனத்தாங்கல். விழாத் தலைவருக்கு மாலையிடும் படங்களை இடலாமா என்றனர். தாராளமாக இடலாம், அவர் மாலைக்குக் கழுத்தை விரும்பிக் கொடுத்தவர்.

இன்னொரு புதுமையும் வந்து நம் வாயிலில் நிற்கின்றது. அறிக்கை, வாழ்த்து, இரங்கல் யாவற்றையும் செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருகின்றது. 2023 பெப்ருவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டபோது, வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீபொடி கல்லூரியின் அலுவலகமொன்று தன் மாணவருக்கு ஆறுதற் கடிதம் அனுப்பிற்று. அதன் அடியில், சற்ஜிபிற்றி என்னும் பொறியின் துணைகொண்டு எழுதப்பட்டதெனக் குறிப்பொன்று இருந்தது. மாணவர் கொதித்தெழ, அலுவலகம் மன்னிப்புக் கேட்டது. கடிதத்தில் இலக்கணப் பிழை இருந்ததாக எவரும் குறைகூறவில்லை. விழா அழைப்பிதழை அப்பொறியிடம் திருத்தக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம் கணித ஆசான் ஒருவர் மறைந்தால், அவர் கரும்பலகையில் வட்டம் வரையும் அழகைக் கண்ட மாணவனே இரங்கலை எழுதவேண்டும். பிழை மலிந்திருந்தாலும் திருத்திக்கொடுக்க நான் இருக்கின்றேன்.

சென்ற மாதம் நமது பக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. ரொறன்ரோவில் வாழும் பழைய மாணவர் ஒருவர், ஆய்வுகூடத் திருத்தத்துக்குத் திரட்டிய பணத்தின் கணக்கு எங்கே என்று பின்னூட்டத்தில் வினவினார். விடை வராமையால் மறுமுறையும் வினவினார். மூன்றாம் முறை அவருடைய தமிழ் சற்றுக் காரமாயிருந்தது. விழா நெருங்கும் வேளையில் இது அபகீர்த்தி, நீக்கிவிடுக, ஆளையும் தடுத்துவிடுக எனக் குழுவிற் சிலர் எனக்குக் கட்டளையிட்டனர். நீக்குவதானால் பொறுப்பையும் என்னிடமிருந்து நீக்கிக்கொள்ளுங்கள் என்றேன். அப்போது எனக்குத் துணையாக எழுந்தவர், எவரும் எதிர்பாராத வகையில், சவர்க்காரக் கேள்வி கேட்ட அதே பெரியவர். "கேட்டவன் காசு தந்தவன். மறுமொழி சொல்லுங்கோ" என்று மட்டும் கூறி அமர்ந்தார்.

பொருளாளர் மறுநாள் வரவுக் கணக்கு முழுவதையும், செலவுக் கணக்கிற் பாதியையும் தந்தார். கிடைத்ததைக் கிடைத்தவாறே இட்டு, எஞ்சிய பற்றுச்சீட்டுக்கள் ஒப்பந்தகாரரிடமிருந்து வரவேண்டியுள்ளன என்றும், வந்த அன்றே இடப்படும் என்றும் என் பெயரைக் குறிப்பிட்டே எழுதினேன். ரொறன்ரோ அன்பர் நன்றி கூறி, காத்திருப்பதாக எழுதியுள்ளார். இம்மலர் அச்சுக்குப் போகும் இன்றுவரை அப்பற்றுச்சீட்டுக்கள் வரவில்லை. அவருடைய மூன்று வினாக்களும் பக்கத்தில் அப்படியே உள.