எது தலைசிறந்த நூல்?

தமிழ் நாவல்களுள் தலைசிறந்தது எதுவென நம் மாணவரை வினவுங்கள். 'பொன்னியின் செல்வன்' என்று உடனே விடை வரும். ஆசிரியரை வினவினாலும் பெரும்பாலும் அதே விடைதான். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த அந்நாவலின் சிறப்பை மறுப்பார் இலர். எண்ணற்ற இளைஞரை வாசிப்பின்பால் ஈர்த்த பெருமை அதற்குண்டு. ஆனால், விடை சொன்னவருள் ஐந்து பாகங்களையும் படித்து முடித்தவர் எத்தனை பேர்? வேறெந்த நாவலோடு ஒப்பிட்டு நோக்கி இம்முடிவுக்கு வந்தனர்? செவிவழி வந்த புகழைத் தம் தீர்ப்பெனச் சொல்வோர் வாசகர் ஆகார்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலாக வெளிவந்தது. ஜப்பானியர் ஆட்சிக்கால மெடானையும் பினாங்கையும், வட்டிக்கடைப் பணிக்குக் கடல் கடந்த தமிழரையும், இந்திய தேசிய இராணுவத்தையும் அது நம் கண்முன் நிறுத்துகிறது. நம் முன்னோர் அல்லலுற்ற காலம் அது. ஆயினும், நம் மாணவருள் பலர் அந்நூலின் பெயரையும் கேட்டதில்லை.

"நம் மண்ணைப் பேசுவதனாலேயே ஒரு நூல் உயர்ந்ததாகிவிடுமா?" எனச் சிலர் கேட்கலாம். ஆகாது. படித்துக் குறை கண்டு தள்ளுங்கள், அது நேர்மை. படியாமலே தள்ளுவது எவ்வகையில் நியாயம்?

ஆசிரியப் பெருமக்களே! "எது சிறந்தது?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "ஏன் சிறந்தது? எந்நூலினும் சிறந்தது?" என்றும் மாணவரைக் கேளுங்கள். அதற்கு முன், அவ்வினாக்களுக்கு நாம் விடை தேடிக்கொள்வோம்.