பதவி ஏற்கும் முன் கேட்க வேண்டியவை

இசை நடத்துநர் ஒருவரைப் பற்றி எழுதும்போது எந்தெந்த ஊரில் நடத்தினார், எத்தனை இசைத்தட்டு வெளியிட்டார் என்று அடுக்கிவிடுகிறோம். விருந்தினராக வந்து போகிறவருக்கு அந்தக் கணக்கு போதும். சில நாள் ஒத்திகை, ஓரிரு கச்சேரி, அதோடு அவர் விமானம் ஏறிவிடலாம். இசை இயக்குநர் அப்படிப் போய்விட முடியாது. யாரைக் குழுவில் சேர்ப்பது, வரும் ஆண்டில் எதை வாசிப்பது, எந்த அரங்கில் வாசிப்பது என்பவை அவர் தலையில்தான் விழும்.

சர் சைமன் ராட்டிலையே எடுத்துக்கொள்வோம். 1974-இல் ஜான் பிளேயர் போட்டியில் வென்று போர்ன்மவுத்தில் உதவி நடத்துநரானவர், 1980-இல், தம் 25 வயதில், பர்மிங்காம் நகரச் சிம்பொனி இசைக்குழுவின் பொறுப்பை ஏற்றார். 1998 வரை அங்கேயே இருந்தார். 1987-இல் அக்குழுவின் கலைஞர்களிடமிருந்தே தற்கால இசைக்கென ஒரு தனிக் குழு கிளைத்தது. 1991-இல் பழைய டவுன் ஹாலை விட்டுப் புதிய சிம்பொனி ஹாலுக்குக் குடிபோனார்கள். அந்த அரங்கைச் சுற்றி எதிரொலி அறைகள் உண்டு. அவற்றின் கனத்த கான்கிரீட் கதவுகளைத் திறந்தும் மூடியும், மேடைக்கு மேலுள்ள விதானத்தை ஏற்றியும் இறக்கியும், மாலருக்கு ஒரு விதமாகவும் மொட்சார்ட்டுக்கு வேறு விதமாகவும் ஒலியைத் திருத்திக்கொள்ளலாம். தன் ஒலியைத் தானே கேட்க முடிகிற குழுதான் மெல்லிய ஓசையில் வாசிக்கத் துணியும்.

தாமஸ் ஆடிஸின் 'அசைலா' பர்மிங்காம் குழுவுக்காகவே எழுதப்பட்டு 1997-இல் அரங்கேறியது. 2002-இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கின் தலைமையேற்ற முதல் கச்சேரியில், மாலரின் ஐந்தாம் சிம்பொனியோடு ராட்டில் வைத்தது அந்தப் படைப்பைத்தான்.

பெர்லினில் தலைமை நடத்துநரைக் கலைஞர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1999-இல் தேர்வான ராட்டில் உடனே கையெழுத்திடவில்லை. குழு தன்னாட்சியுள்ள அறக்கட்டளையாக மாற வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அது நடந்தது, கலைஞர்களின் ஊதியமும் உயர்ந்தது. ஜெர்மானியப் படைப்புகளில் பழைய கனம் குறைந்துவிட்டது என்று குறைபட்டவர்கள் உண்டு. ஆனால் அவர் காலத்தில் தொடங்கிய கல்வித் திட்டமும் இணையக் கச்சேரி அரங்கும் 2018-இல் அவர் விலகிய பின்னும் நடக்கின்றன.

லண்டனில் கதை வேறு. 2017-இல் லண்டன் சிம்பொனிக்கு வந்தவருக்குப் புதிய அரங்கு கிடைக்கும் என்ற பேச்சு பலமாக இருந்தது. 2021 பிப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு முந்தைய மாதமே, தனிப்பட்ட காரணங்களுக்காக மியூனிக் போவதாக அவர் அறிவித்திருந்தார். கையெழுத்தாகாத வாக்குறுதி எத்தனை பெரிய பெயருக்கும் கட்டடமாகிவிடாது.

இன்று இளம் நடத்துநர்கள் ஒரே சமயத்தில் இரண்டு, மூன்று குழுக்களின் தலைமையை ஏற்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் காலியிடத்துக்குத் தேர்வு வாசிப்பு நடக்கும் நாளில் ஊரில் இருக்க முடியாதவர் அந்தக் குழுவின் ஒலியை உருவாக்க முடியாது. தேவாலயப் பாடகர் குழுவானாலும் பள்ளி இசைக்குழுவானாலும், நாளை உங்களுக்கு ஒரு பொறுப்பு வரும்போது சம்பளத்தோடு மூன்றைக் கேளுங்கள்: ஆள் தேர்வில் எனக்கு என்ன உரிமை, ஒத்திகைக்கு எத்தனை மணி நேரம், வாசிக்க எந்த இடம்? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.