உள்ளங்கைப் பெட்டியில் குடும்பத்தின் சொத்து!
ஹார்டு டிஸ்க் விலை ஏன் ஏறியது? எதை வாங்கலாம்? எப்படி ஏமாறாமல் இருக்கலாம்?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இந்த ஊர்களின் பெயரைச் சொன்னதும் தோலும் செருப்பும்தான் நினைவுக்கு வரும்.

இந்த ஊர்களில் உள்ள வீடுகளுக்கு இன்று இன்னொரு பொருளும் தேவைப்படுகிறது. கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்து, ஒரு கம்பியால் இணைத்துக் கொள்ளும் ஹார்டு டிஸ்க்தான் அது.

இது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. ஆனால் ஒரு குடும்பத்தின் கல்யாண வீடியோ, குழந்தைகளின் போட்டோ, மகளின் கல்லூரிப் பாடம், தகப்பனாரின் ஸ்கேன் படம், வீட்டில் செருப்புக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கும் தாயின் கூலிக் கணக்கு எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

இதை வாங்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? வாங்கப் போகும் நேரத்தில் விலை ஏன் ஏறியது?

மாணவர்களுக்கு லேப்டாப்

2025 மார்ச்சில் தமிழக அரசு பட்ஜெட் போட்டது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுப்பதாக அதில் அறிவிக்கப்பட்டது. 2026 ஜனவரியில் லேப்டாப் கொடுக்கும் வேலை தொடங்கியது.

தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பல குடும்பங்களுக்கு, வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே இதுதான்.

இந்த லேப்டாப்பில் 256 ஜிபி இடம் உண்டு. கம்ப்யூட்டர் ஓடுவதற்கான புரோகிராம்களே அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பாடங்களை வைத்துக்கொள்ளலாம். 100 ஜிபி பிடிக்கும் ஒரு கல்யாண வீடியோவையும் அதிலேயே ஏற்றினால், இடம் நெருக்கடிதான்!

"கூகுளில் போட்டு வைத்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். முன்பு கூகுள் போட்டோஸில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசமாக வைக்க முடிந்தது. 2021 ஜூன் 1-ந் தேதி அந்தச் சலுகை நின்றது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதற்கு மேல் மாதா மாதம் பணம் கட்ட வேண்டும்.

ஆகவேதான் பலர் வெளி டிஸ்க்கைத் தேடுகிறார்கள்.

விலை ஏறிய கதை

ஹார்டு டிஸ்க் பழைய சரக்கு. 1956-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி முதல் டிஸ்க்கை வெளியிட்டது. அதில் 50 தட்டுகள். ஒவ்வொன்றும் 24 அங்குல அகலம். எடை சுமார் ஒரு டன்! அவ்வளவு பெரிய இயந்திரத்தில் 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைக்க முடிந்தது. இன்று செல்போனில் எடுக்கும் இரண்டே போட்டோ அந்த இடத்தை நிரப்பிவிடும்.

பிறகு டிஸ்க் சிறுத்தது. விலையும் குறைந்தது. ஆனால் தயாரிக்கும் கம்பெனிகளும் குறைந்துவிட்டன. இன்று உலகம் முழுவதற்கும் ஹார்டு டிஸ்க் செய்பவை மூன்றே கம்பெனிகள். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. வேறு பெயர் போட்டு வரும் பெட்டியைத் திறந்தாலும், உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மூன்று கடைதான் என்றால், ஒரு கடையில் சிக்கல் வந்தாலும் ஊர் முழுவதும் தட்டுப்பாடு வரும் அல்லவா? 2011-ல் அதுதான் நடந்தது. தாய்லாந்தில் பெரிய வெள்ளம் வந்தது. டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. சில வாரங்களில் டிஸ்க் விலை இரு மடங்காகப் பாய்ந்தது.

2025-ல் வெள்ளம் வரவில்லை. வந்தது ஏ.ஐ.!

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஏ.ஐ. இயந்திரங்களுக்குப் பிரமாண்டமான கட்டடங்கள் எழும்புகின்றன. அவற்றில் விவரங்களை நிரப்பி வைக்க லட்சக்கணக்கான டிஸ்குகளும் சிப்புகளும் வேண்டும். பெரிய கம்பெனிகள் மொத்தமாக, முன்பணம் கொடுத்து வாங்குகின்றன. தயாரிப்பாளர்கள் அவர்களுக்கே முதலிடம் தருகிறார்கள்.

2025 டிசம்பரில் அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 'குருஷியல்' என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு விற்று வந்த சரக்கை நிறுத்தப் போவதாகச் சொன்னது. ஏ.ஐ. கட்டடங்களில் இருந்து வரும் கிராக்கியே அதற்குக் காரணம்.

பெரிய வியாபாரி சந்தைக்கு விடியற்காலையிலேயே வந்து மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனால், மாலையில் வரும் குடும்பத்துக்குக் காய் விலை ஏறத்தானே செய்யும்? அதே கதைதான் இங்கும்.

தோல் வட்டாரத்துக்கு அது ஏற்கனவே கெட்ட காலம். 2025 ஆகஸ்டு 27-ந் தேதி முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவிகித வரி போட்டது. செருப்பு, தோல் ஏற்றுமதியை நம்பி வாழும் குடும்பங்கள் கவலையில் ஆழ்ந்தன. அப்படிப்பட்ட வீட்டில் ஐயாயிரம் ரூபாய் சின்னத் தொகையா? அந்தப் பணம் வீணாகிவிடக் கூடாது.

ரெக்சினைத் தோல் என்று விற்பவர்கள்!

"16 டிபி டிஸ்க்! விலை இரண்டாயிரம்தான்!" என்று செல்போனில் விளம்பரம் வரும். ஏமாந்துவிடக் கூடாது.

டிபி என்றால் என்ன? ஆயிரம் ஜிபி சேர்ந்தால் ஒரு டிபி. 16 டிபி உள்ள உண்மையான பொருள் இரண்டாயிரம் ரூபாய்க்கு எங்கும் கிடைக்காது.

அந்தப் போலிப் பெட்டிக்குள் 64 ஜிபி போன்ற சின்ன சிப் ஒன்று இருக்கும். "என்னிடம் 16 டிபி இடம் இருக்கிறது" என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதைத் திருத்தி வைத்திருப்பார்கள். போட்டோக்களை ஏற்றினால் ஏறுவது போலவே தெரியும். பெயர்ப் பட்டியலும் வரும். 64 ஜிபி நிரம்பிய பிறகு ஏற்றியவை நிற்காது. பழைய படங்களும் அழியலாம். ஒரு வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் பெயர் இருக்கும்; படம் இருக்காது!

ஆம்பூர்க்காரரிடம் ரெக்சினைக் கொடுத்து, தோல் என்று சொல்ல முடியுமா? தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். டிஸ்க்கைத் தடவிப் பார்க்க முடியாது. ஆனால் சோதிக்க வழி உண்டு. 'எச்-2-டெஸ்ட்-டபிள்யூ' என்று ஓர் இலவசப் புரோகிராம் இருக்கிறது. அது டிஸ்க் முழுவதையும் நிரப்பி, திரும்பவும் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். பல மணி நேரம் ஆகும். ஆனாலும் செய்வது நல்லது. படங்களை ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

இன்னொரு மோசடியும் உண்டு. பழைய டிஸ்க்கைப் புதுப் பெட்டியில் போட்டு விற்பது! 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய டிஸ்குகள் புதிது என்று விற்கப்பட்டது அம்பலமானது. 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவசப் புரோகிராம், டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புது டிஸ்க்கில் அந்த எண் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். கணக்கைத் திருத்தும் பேர்வழிகளும் உண்டு. ஆகையால் ஜி.எஸ்.டி. பில் தரும் கடையில் வாங்குவதே நல்லது.

931 ஏன்?

நல்ல டிஸ்க் வாங்கியவர்களுக்கும் ஒரு சந்தேகம் வரும். பெட்டியில் 1 டிபி என்று போட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் 931 ஜிபி என்று காட்டுகிறது. 69 ஜிபி எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. ஒரே தோலைச் சதுர அடியிலும் அளக்கலாம், சதுர டெசிமீட்டரிலும் அளக்கலாம். எண் மாறும்; தோல் மாறாது. அது போல, கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்!

எதை வாங்கலாம்?

சாதாரண குடும்பத்துக்கு 1 டிபி போதும். ஒரு போட்டோ 4 எம்பி என்றால், சுமார் இரண்டரை லட்சம் போட்டோ வைக்கலாம்.

வீட்டு பீரோவில் வைத்துப் பத்திரப்படுத்தவா? தட்டு சுற்றும் ஹார்டு டிஸ்க்கே மலிவு. இரண்டரை அங்குல டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் வேண்டாம். கம்ப்யூட்டரில் இருந்தே எடுத்துக்கொள்ளும்.

தினமும் ஆம்பூரில் இருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போகும் மாணவர் பையில் வைத்துக்கொண்டு போகவா? அப்படியானால் எஸ்.எஸ்.டி. நல்லது. விலை அதிகம். ஆனால் அதில் சுற்றும் தட்டு இல்லை. குலுங்கினாலும் தாங்கும். கல்லூரிப் பாடத்துக்குச் சின்ன அளவே போதும்.

ஹார்டு டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு முள் பறக்கிறது. தட்டுக்கும் முள்ளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஓடும்போது மேஜையில் இருந்து கீழே விழுந்தால் முள் தட்டைக் கீறிவிடும். பிறகு படங்களை மீட்க, டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு செலவாகலாம். வாரண்டி புது டிஸ்க் வாங்கித் தரும். போன படத்தைத் திருப்பித் தராது!

கம்பியைச் செருகும் இடத்தையும் கவனிக்க வேண்டும். யு.எஸ்.பி. 3 துளையில் செருகினால் 500 ஜிபி ஏற்ற சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். பழைய யு.எஸ்.பி. 2 துளை என்றால் நான்கு மணி நேரத்துக்கும் மேல். உள்ளே நீல நிறம் உள்ள துளை பெரும்பாலும் யு.எஸ்.பி. 3 ஆக இருக்கும்.

ஒன்று போதாது!

அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்ற கம்பெனி லட்சக்கணக்கான டிஸ்குகளை ஓட்டுகிறது. எத்தனை கெட்டுப் போகின்றன என்று ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2024-ல் நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று அதிகமாகக் கெட்டன. குறைவுதான். ஆனால் அந்த ஒன்று நம் வீட்டு டிஸ்க்காக இருந்தால்?

பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றுகிறார்கள். செல்போனிலும் லேப்டாப்பிலும் அழித்துவிடுகிறார்கள். இதனால் பத்திரம் கூடவில்லை. ஒரே சாவியை ஒரு பையில் இருந்து இன்னொரு பைக்கு மாற்றியது போலத்தான்!

எது மிக முக்கியமோ, அது இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். முடிந்தால் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் இரண்டு டிஸ்க்கும் ஒரே பீரோவில் இருந்தால் என்ன பயன்? ஒன்றை அண்ணன் வீட்டிலோ அத்தை வீட்டிலோ கொடுத்து வைக்கலாம்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும். 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி, பணம் கேட்டது. இத்தகைய வைரஸ், கம்பியில் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும். பீரோவில் இருக்கும் டிஸ்க்கைத் தொட முடியாது.

இரண்டு டிஸ்க் வாங்கப் பணம் இல்லையா? கவலை வேண்டாம். 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்கலாம். ஆயிரக்கணக்கான போட்டோக்களில் எல்லாமே முக்கியம் அல்ல. பிறந்தநாள், கல்யாணம், காலமான பெரியவர்களின் படம், சர்டிபிகேட், நிலப் பத்திரத்தின் நகல், ஆஸ்பத்திரி சி.டி.யில் உள்ள ஸ்கேன் படம் என்று பொறுக்கி எடுத்தால் அதிலேயே அடங்கிவிடும். புது லேப்டாப்புகள் பலவற்றில் சி.டி. போடும் இடமே இல்லை. ஆகவே பழைய சி.டி.களை இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

பச்சைத் தோலை வாங்கியதும் உப்புப் போட்டு வைப்பார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அழுகிவிடும் என்பது தோல்காரர்களுக்குத் தெரியும். படங்களும் அப்படித்தான். செல்போன் உடைந்த பிறகு கடைக்கு ஓடிப் பயன் இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வீட்டில் உள்ள பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து, எவை முக்கியம் என்று முதலில் பொறுக்க வேண்டும். அவை எத்தனை ஜிபி என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே கடைக்குப் போக வேண்டும். அப்படிப் போகிறவர், 16 டிபி விளம்பரத்தைக் கண்டு மயங்க மாட்டார்!