தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை: பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்



லிங்கராஜபுரத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும் நேரத்தில் வாலிபர்களின் பேச்சு பெரும்பாலும் வேலையைப் பற்றியதாகவே இருக்கிறது. சென்ற மாதம் ஒரு சகோதரி தம் கைப்பேசிக்கு வந்த செய்தியைக் காட்டினார். அவர் பி.ஏ. ஆங்கிலம் முடித்து, கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு சிறிய பள்ளியில் கற்பித்து வருகிறார். "தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை. மாதம் ஒரு லட்சம். தேர்வு இல்லை. ஒன்றரை லட்சம் கட்டினால் பத்து நாளில் பயணம்" என்று அந்தச் செய்தியில் இருந்தது. கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்ட பின்பு பிழைப்பைத் தேடி இந்நகரத்திற்கு வந்த குடும்பம் அது. மகளுக்காகத் தாயார் சீட்டுப் பணத்தை எடுக்க ஆயத்தமாயிருந்தார். "போகலாமா?" என்று சகோதரி கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இம்மாதம் உங்களுக்கும் எழுதுகிறோம்.

வேலை உண்டா?

உண்டு. பாங்காக்கிலும் சுற்றுலாத் தலங்களிலும் போட்டி அதிகம். சுரின், புரிராம், ரோய் எட் போன்ற வடகிழக்குப் பகுதிச் சிறு நகரங்களுக்கு வெளிநாட்டு ஆசிரியர்கள் அவ்வளவாக முன்வருவதில்லை. அங்குள்ள பள்ளிகளில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஏராளமாகப் பணிபுரிகின்றனர். இலக்கணத்தைத் தாய்லாந்து ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பிள்ளைகளைப் பேச வைப்பதே வெளிநாட்டு ஆசிரியரின் முக்கிய வேலை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

சம்பளத்தில் ஒரு கசப்பான உண்மை உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவருக்கு 30,000 பாத்தும் அதற்கு மேலும் கொடுக்கும் பள்ளிகள், மற்ற ஆசிய நாட்டவருக்கு 15,000 முதல் 25,000 பாத் வரையே சொல்வது வழக்கம். ஒரு பாத் இரண்டரை ரூபாய்க்கு மேல். அப்படியானால் 20,000 பாத் என்பது ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். அது நல்ல சம்பளந்தான். ஆனால் அதில் வாடகை, உணவு, விமானச் செலவு எல்லாம் அடங்கும். அனுபவம் குறைந்த ஒருவருக்குச் சிறு நகரத்தில் மாதம் ஒரு லட்சம் என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே சந்தேகம் எழ வேண்டும்.

என்னென்ன வேண்டும்?

முதலாவது, ஏதேனும் ஒரு பட்டம். பி.எட். இருந்தால் மிகவும் நல்லது. இரண்டாவது, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண். நாம் கான்வென்டில் படித்திருந்தாலும் ஆங்கிலம் நமக்குத் தாய்மொழியாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே டோயிக் தேர்வில் 600 அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 5.5 என்ற அளவைப் பரவலாகக் கேட்கிறார்கள். "தேர்வு இல்லை" என்ற வார்த்தை உங்களை மகிழ்விப்பதற்குப் பதிலாக எச்சரிக்க வேண்டும். மூன்றாவது, பாஸ்போர்ட் சேவா மூலம் பெறும் போலீஸ் நன்னடத்தைச் சான்று. நான்காவது, பட்டச் சான்றிதழுக்கு முறையான அரசுச் சான்றொப்பம்.

அந்நாட்டின் ஆசிரியர் மன்றத்திற்குப் பெயர் 'குருசபா'. தமிழருக்கு இதற்கு அகராதி தேவையில்லை. அங்கே ஆசிரியரைக் 'க்ரூ' என்றே அழைக்கிறார்கள், நம் 'குரு'வேதான். ஆசிரியப் பயிற்சி இல்லாத பட்டதாரிக்குப் பள்ளியே குருசபாவிடம் விண்ணப்பித்துத் தற்காலிக அனுமதி பெற்றுத் தருவது வழக்கம். அது காலவரையறைக்கு உட்பட்டது.

எது சரியான வழி?

பள்ளி உங்களை நேர்காணல் செய்து பணி நியமனக் கடிதமும் தன் ஆவணங்களும் அனுப்ப வேண்டும். அவற்றைக் கொண்டு 'நான் இமிக்ரன்ட் பி' என்ற விசாவை நீங்கள் பெற வேண்டும். அங்கே சென்றபின் தொழிலாளர் துறை வேலை அனுமதி தரும். விசா வேறு, வேலை அனுமதி வேறு; இரண்டும் வேண்டும். 90 நாட்களுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்கு இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும்.

இந்தியச் சுற்றுலாப் பயணிகளை விசா இன்றித் தாய்லாந்து 2023 நவம்பரில் அனுமதிக்கத் தொடங்கியது முதல், "சும்மா வந்துவிடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்வது எளிதாகிவிட்டது. சுற்றுலா நுழைவு வேலைக்கானதல்ல. அனுமதியின்றி வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதமும் நாடு கடத்தலும் காத்திருக்கின்றன. அபராதம் ஆசிரியர் தலையில் விழும். ஏஜென்ட் பெங்களூரில் பத்திரமாக இருப்பார்.

முதல் பருவம் மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை. இரண்டாவது நவம்பர் முதல் மார்ச் வரை. ஆகவே ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் இடங்கள் அதிகம் காலியாகும். ஒப்பந்தம் பத்து மாதத்திற்கா, பன்னிரண்டு மாதத்திற்கா, விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள்.

ஆபத்து எங்கே?

தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்டு, எல்லை கடந்து மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்ட இந்திய இளைஞரைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அவர்களை இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தினார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 549 பேர் இரண்டு விமானப்படை விமானங்களில் மே சோட் நகரிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். ஆசிரியர் வேலை என்ற பெயரிலும் அதே வலை விரிக்கப்படலாம். பள்ளியின் பெயரைச் சொல்ல மறுப்பவரையும், இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் கேட்பவரையும், எல்லைப்புறம் நோக்கிக் காரில் ஏற்றுபவரையும் நம்பாதீர்கள்.

இது நமக்குப் புதிய கதையுமல்ல. 1942–43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்த தமிழர்களைச் சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லியே அழைத்துச் சென்றனர். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

இந்திய அரசின் பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவரா என்பதை 'இ-மைக்ரேட்' தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. ஐயமிருந்தால் பிரவாசி பாரதீய சகாயதா கேந்திரத்தின் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

அங்கே வாழ்வது

காலை எட்டு மணிக்குக் கொடியேற்றமும், பல பள்ளிகளில் புத்த ஜெபமும் நடைபெறும். பிள்ளைகள் கும்பிடும்போது நீங்கள் மரியாதையாக அமைதியாக நிற்கலாம். ஆனால் மனம் இடறும் என்று தோன்றினால் அதை நேர்காணலிலேயே பேசிவிடுவது நேர்மை. வகுப்பறையைப் பிரசங்க மேடையாக்கக் கூடாது. உங்களுக்குக் கிடைத்த அனுமதி ஆங்கிலம் கற்பிப்பதற்கே. கிறிஸ்தவர்கள் மிகச் சிறுபான்மையினர் என்பதால் சிறு நகரத்தில் ஐக்கியம் எளிதில் கிடைக்காது. அரசரையும் அரச குடும்பத்தையும் பற்றி விளையாட்டாகவும் பேசாதீர்கள். அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. பிள்ளையின் தலையைத் தொடுவதையும், காலால் எதையும் சுட்டுவதையும் தவிருங்கள்.

பெற்றோரே, பிள்ளை புறப்படும் முன் பள்ளியின் முகவரி, ஒப்பந்தம், விசா மூன்றின் நகலும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். பள்ளிக்கு நீங்களே ஒருமுறை தொலைபேசியில் பேசுங்கள்.

அந்தச் சகோதரி பணம் கட்டவில்லை. ஏஜென்டிடம் பள்ளியின் பெயரைக் கேட்டார். அதன்பின் அழைப்பு வரவில்லை. இப்போது ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே பள்ளிகளுக்கு நேரடியாக எழுதி வருகிறார். தாயாரின் சீட்டுப் பணம் சீட்டிலேயே இருக்கிறது.