முத்திரை ஒன்று, கல்லூரி வேறு

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் வேப்பந்தட்டைப் பக்கம் ‘அண்ணா யுனிவர்சிட்டி கிடைச்சா போதும்’ என்ற பேச்சுதான். எந்த அண்ணா யுனிவர்சிட்டி என்று யாரும் கேட்பதில்லை. கிண்டி வளாகத்துக்கும், அரியலூரில் உள்ள உறுப்புக் கல்லூரிக்கும், இணைவு பெற்ற நூற்றுக்கணக்கான தனியார் கல்லூரிகளுக்கும் பட்டத்தில் ஒரே முத்திரைதான். கட்டணம் ஒன்றல்ல, ஆசிரியர்களும் ஒன்றல்ல. கணினி அறிவியல் என்ற பெயருக்காகவே நிலத்தை அடகு வைத்து ஏதோவொரு தனியார் கல்லூரியில் சேர்ப்பதைவிட அரியலூர் மேல் என்பேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசின் பொறுப்பு. பொறியியல் சேர்க்கைக்கான கட்ஆஃப் 200இல் கணிதத்துக்கு மட்டும் 100 என்பதால் கணிதத்தில் சறுக்கியவர்கள் பின்தங்குவார்கள். அவர்களுக்குப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசு கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இருக்கிறது. இதை ஏனோ தோற்றவர்கள் ஒதுங்கும் இடமாகவே பார்க்கிறோம். குறைந்த செலவில் மூன்று வருடம் படித்துவிட்டு, நிம்செட் நுழைவுத் தேர்வு எழுதித் திருச்சி துவாக்குடி என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ. சேரலாம், மாநில நுழைவுத் தேர்வான டான்செட் எழுதினால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் உண்டு. ஒன்று மட்டும்: நிம்செட்டுக்குப் பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். சேரும்போதே பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.